10 கடை... 36 லட்சம் ரூட்! சரியான ரூட்டைப் பரிணாமம் எப்படிக் கண்டுபிடிக்குது?

மதுரை பரவை காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றிய ஒரு மினி வேன், 10 கடைகளுக்குச் சரக்கு இறக்கணும்னு வெச்சுக்கோங்க. எந்தக் கடைக்கு முதலில் போவது? 'பத்துதானே'ன்னு நினைக்காதீங்க. மொத்தம் 36,28,800 வரிசைகள் இருக்கு! கடைகள் 15 ஆனால், ஒரு லட்சம் கோடியைத் தாண்டிடும்.

எல்லாத்தையும் ஓட்டிப் பார்க்க முடியாது. இங்கேதான் 'பரிணாமக் கணிப்பு' கைகொடுக்குது.

எப்படி வேலை செய்யுது?

முதலில் குத்துமதிப்பாகச் சில ரூட்களை எடுத்துக்கணும். டீசல் குறைவாகச் செலவாகும் ரூட்களை மட்டும் வெச்சுக்கிட்டு, மத்ததைக் கழிச்சுடணும். தேறியவற்றை ஒன்றோடு ஒன்று கலந்து, அங்கங்கே ஒரு கடையை மாற்றிப்போட்டால் அடுத்த தலைமுறை ரெடி. இதையே திரும்பத் திரும்பச் செய்யணும். ஆகச்சிறந்த ரூட்தான் கிடைக்கும்னு கேரன்ட்டி கிடையாது. ஆனால், நல்ல ரூட் சீக்கிரமே சிக்கிடும்.

கம்ப்யூட்டரே இல்லாமல்...

1964-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் இங்கோ ரெச்சன்பெர்க், ஹான்ஸ்-பால் ஷ்வெஃபெல் இருவரும் இதைக் கையாலேயே செய்து பார்த்தாங்க. காற்றுச் சுரங்கத்துக்குள் 5 கீல்கள் வைத்த ஒரு தகடு. ஒவ்வொரு கீலையும் 51 நிலைகளில் வைக்கலாம். ஆக, 34 கோடிக்கும் மேலான வடிவங்கள்! கோணல்மாணலான வடிவத்தில் தொடங்கி, கீல்களைக் குருட்டாம்போக்கில் கொஞ்சம் திருப்பி, காற்றின் தடை குறைந்தால் அதையே வைத்துக்கொண்டாங்க. சில நூறு முயற்சிகளிலேயே தகடு கிட்டத்தட்ட தட்டையாகிடுச்சு. தடை மிகக் குறைவான வடிவமும் அதுதான்!

இன்றும் இந்தத் துறையில் பிஹெச்.டி செய்பவர்களுக்கு இதுதான் சவால். ஆய்வகத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் பணமும் நாளும் செலவாகும். அதனால், குறைந்த முயற்சியில் நல்ல விடையைப் பிடிக்கணும்.

இந்தியாவின் பங்கு

டீசலும் மிச்சமாகணும், கீரையும் வாடக்கூடாதுன்னா? இப்படி ஒன்றோடொன்று மோதும் இலக்குகளுக்காக, ஐ.ஐ.டி கான்பூரில் பேராசிரியர் கல்யாண்மோய் தேப் தன் மாணவர்களோடு உருவாக்கிய 'என்.எஸ்.ஜி.ஏ-2' முறை 2002-ல் வெளியானது. இன்று உலகம் முழுக்கப் பயன்படுது. அது ஒரே விடையைத் தராது. 'டீசல் இவ்வளவு குறைஞ்சா, நேரம் இவ்வளவு கூடும்'னு ஒரு பட்டியலையே நீட்டும். அதிலிருந்து தேர்ந்தெடுப்பது நம்ம வேலை.

டீசலை மட்டும் கணக்குல சேர்த்தீங்கன்னா, கடைசிக் கடைக்கு வாடின கீரைதான் போகும். 'எது நல்லது'ன்னு கம்ப்யூட்டருக்கு நாமதான் சொல்லணும் மக்களே!