நான்கு சக்கரமும் இழுத்தால் போதுமா?

பின்லாந்து நாட்டில் கைப்போலா என்றோர் ஊர் உண்டு. பனிச்சறுக்கு வீரர்கள் தாவிக் குதிப்பதற்காக அங்கே கட்டப்பட்ட உயரமான சறுக்குமேடையில், 1986-ஆம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. வீரர்கள் மேலிருந்து கீழே சறுக்கி வரவேண்டிய அந்தப் பனிச்சரிவில் ஒரு கார் கீழிருந்து மேலே ஏறிச் சென்றது! ‘ஆடி’ என்னும் ஜெர்மன் கார்க் கம்பெனி எடுத்த விளம்பரப் படம் அது. எஞ்சினின் இழுவிசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் தங்கள் காரின் பெருமையை உலகுக்குக் காட்டவே அவர்கள் அதைச் செய்தார்கள்.

படத்தைப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். “நான்கு சக்கரமும் இழுத்தால் பனி என்ன செய்துவிடும்?” என்று எண்ணினார்கள். ஆனால் அந்தக் காரின் டயர்களில் உலோக ஆணிகள் பொருத்தப்பட்டிருந்தன என்பதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? பனி பெய்யும் நாடுகளில் கார் வாங்கும் பலரையும் இன்றுவரை குழப்பும் கேள்வி இதில்தான் அடங்கியிருக்கிறது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், நான்கு சக்கர இயக்கமுள்ள கார் வாங்குவதா? அல்லது இருக்கின்ற காருக்குப் பனி டயர் மாட்டுவதா? பள்ளியில் நீங்கள் படிக்கும் உராய்வுப் பாடத்தை வைத்துக்கொண்டே இதற்கு விடை காணலாம், வாருங்கள்.

எந்தப் பனி?

நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசுவது வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து குவியும் வெண்பனியைப் பற்றி. கனடா நாட்டின் கியூபெக் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். சனவரி மாதத்தில் அங்கே சராசரி வெப்பநிலை சுமார் −12° செ. ஆண்டொன்றுக்குப் பெய்யும் பனியைச் சேர்த்தால் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் வரும்! சாலையில் விழுந்த பனியை வண்டிகள் மிதித்து இறுக்கிவிடும். சில இடங்களில் அது உருகி மீண்டும் உறைந்து, கண்ணாடிபோன்ற பனிக்கட்டித் தகடாகிவிடும்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கவேண்டும் என்று 1850-லேயே மைக்கேல் ஃபாரடே கருதினார். உறைநிலைக்குச் சற்றே கீழுள்ள பனிக்கட்டிதான் மிகவும் வழுக்கும். கடுங்குளிரில் உள்ள பனிக்கட்டி அவ்வளவு வழுக்குவதில்லை.

உராய்வு என்னும் வரவு

ஒரு கார் புறப்படுவதும், திரும்புவதும், நிற்பதும் டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வால்தான். எஞ்சின் எவ்வளவு வலிமையுடையதாக இருந்தாலும், உராய்வு இல்லையென்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும்.

உராய்வின் அளவை உராய்வுக் குணகம் என்ற எண்ணால் குறிக்கிறோம். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு இது சுமார் 0.8. இறுகிய பனியின்மீது சாதாரண டயருக்குச் சுமார் 0.2 என்றும், பனி டயருக்குச் சுமார் 0.3 என்றும் வைத்துக்கொள்வோம். வழுக்கும் பனிக்கட்டியில் 0.1-தான் கிடைக்கும், சில சமயம் அதுவும் இராது.

இப்போது சறுக்குமேடைக்குத் திரும்புவோம். அதன் சரிவு ஏறத்தாழ 37 பாகை. அதாவது கிடைமட்டமாக 4 மீட்டர் போனால் 3 மீட்டர் உயரம். இத்தகைய சரிவில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் கார் ஏறவேண்டுமானால், உராய்வுக் குணகம் குறைந்தது மூன்றின்கீழ் நான்கு, அதாவது 0.75 இருக்கவேண்டும். பனியில் பனி டயருக்குக்கூட 0.3-தானே கிடைக்கிறது? மீதியைத் தந்தவை ஆணிகள்!

ஆனால் ஆணி டயர் மட்டும் போட்டு, இரண்டு சக்கரங்களால் இழுக்கும் காரை அங்கே ஓட்டியிருந்தால் அதுவும் ஏறியிராது. காரின் எடையில் ஒரு பகுதிதான் அந்த இரண்டு சக்கரங்களின்மேல் இருக்கும். மற்ற இரண்டின் பிடிப்பு இழுப்பதற்குப் பயன்படாமல் போய்விடும்.

ஆகவே இரண்டின் வேலையும் வேறு. உராய்வைச் சம்பாதித்துத் தருவது டயர். அதை நான்கு சக்கரங்களிலும் வீணாக்காமல் செலவிடுவது நான்கு சக்கர இயக்கம். வரவு 2 ரூபாய் என்றால், எவ்வளவு திறமையாகச் செலவிட்டாலும் 3 ரூபாய்ப் பொருளை வாங்க முடியாது அல்லவா?

இரு கார்கள்: ஒரு கணக்கு

பனி இறுகிய சமதளச் சாலையில் இரண்டு கார்களை ஓட்டிப் பார்ப்போம், காகிதத்தில்தான்! முதல் கார் நான்கு சக்கர இயக்கமும் சாதாரண டயர்களும் கொண்டது. இரண்டாம் கார் முன்சக்கரங்களால் மட்டும் இழுக்கப்படுவது. ஆனால் நான்கிலும் பனி டயர் மாட்டியது. இரண்டாம் காரின் எடையில் 100-க்கு 60 பங்கு முன்சக்கரங்களின்மேல் விழுகிறது என்று கொள்வோம்.

முதலில் புறப்பாடு. முதல் காருக்கு முழு எடையும் இழுக்கப் பயன்படுகிறது, குணகம் 0.2. புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8-ஆல் பெருக்கினால், காரின் முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.96 மீட்டர். இரண்டாம் காருக்கு 0.3-இல் 100-க்கு 60 பங்கு, அதாவது 0.18. முடுக்கம் 1.76 மீட்டர். மணிக்கு 50 கி.மீ. வேகத்தை முதல் கார் சுமார் 7 வினாடியிலும், இரண்டாம் கார் சுமார் 8 வினாடியிலும் எட்டும். முதல் காருக்கே வெற்றி!

இனி நிறுத்தம். இரண்டு கார்களும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. 35 மீட்டர் முன்னால் ஒரு சிறுமி சாலையைக் கடக்கிறாள். இரு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில் பிரேக்கை மிதிக்கிறார்கள். இங்கேதான் பலரும் மறந்துவிடும் ஓர் உண்மை இருக்கிறது. எந்தக் காருக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் உண்டு! எஞ்சின் எத்தனை சக்கரங்களை இழுக்கிறது என்பதற்கும் கார் நிற்பதற்கும் தொடர்பே இல்லை.

நிற்கும் தூரத்தை அறிய, வேகத்தின் வர்க்கத்தை உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், 2 ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுக்கவேண்டும். மணிக்கு 50 கி.மீ. என்பது வினாடிக்கு 13.9 மீட்டர். கணக்கிட்டால்:

உலர்ந்த தார்ச்சாலையில் – சுமார் 12 மீட்டர்
பனியில், பனி டயருடன் – சுமார் 33 மீட்டர்
பனியில், சாதாரண டயருடன் – சுமார் 49 மீட்டர்
வழுக்கும் பனிக்கட்டியில் – சுமார் 98 மீட்டர்

பனி டயர் மாட்டிய கார் சிறுமிக்கு 2 மீட்டர் இப்பால் நின்றுவிட்டது. அந்த இடத்தை முதல் கார் என்ன வேகத்தில் கடக்கும் தெரியுமா? மணிக்கு ஏறத்தாழ 29 கி.மீ.! புறப்படும்போது ஒரு வினாடி முந்திய கார், நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

(பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை இக்கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு வினாடி தாமதித்தால் இரண்டு கார்களும் மேலும் 14 மீட்டர் சென்றிருக்கும்.)

வளைவிலும் இதே கதைதான். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் குணகம் 0.3 என்றால் மணிக்குச் சுமார் 44 கி.மீ. வேகம்வரை விலகாமல் திரும்பலாம். 0.2 என்றால் 36 கி.மீ.க்குமேல் கார் சாலையைவிட்டு வெளியே வழுக்கும்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சக்கரம் வழுக்கிச் சுழன்றால், “சாலை மோசமாக இருக்கிறது” என்று ஓட்டுநருக்குப் புறப்படும்போதே தெரிந்துவிடும். நான்கு சக்கர இயக்கமுள்ள கார் சுலபமாகக் கிளம்பிவிடுவதால் அந்த எச்சரிக்கை அவருக்குக் கிடைப்பதில்லை. பிரேக்கை மிதிக்கும்போதுதான் சாலையின் உண்மையான குணம் தெரியவருகிறது.

பனி டயரில் என்ன இருக்கிறது?

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. குளிர் எல்லாப் பொருள்களையும் ஒரேமாதிரி பாதிப்பதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ரப்பர் எண்ணெயைப்போல் உறைவதில்லை என்றாலும், அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் குளிரில் அசைவு குறைந்து விறைத்துப்போகின்றன. கோடைக்கான டயர் சுமார் 7° செ.க்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையின் மேடுபள்ளங்களில் படியாது, பிடிப்பும் குறையும். பனி டயருக்கென்று கடுங்குளிரிலும் மென்மையாக இருக்கும் ரப்பர்க் கலவையைத் தயாரிக்கிறார்கள்.

இரண்டாவது சிறப்பு அதன் பட்டன். மொட்டை டயர் மழையில் வழுக்கும் என்பது நமக்குத் தெரியும். பனி டயரின் பள்ளங்கள் சாதாரண டயரில் இருப்பதைவிட ஆழமானவை. அவற்றுள் பனி புகுந்து, கொழுக்கட்டை பிடித்ததுபோல் இறுகிவிடும். பனியோடு பனி நன்கு ஒட்டும் அல்லவா? டயரில் சிக்கிய பனி சாலையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்கிறது. இதுதவிர ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய கீறல்கள் பல உண்டு. அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்விக்கொள்கின்றன.

முதல் பனி டயர் பிறந்ததும் பின்லாந்தில்தான். நோக்கியா என்ற ஊரின் தொழிற்சாலை 1934-இல் லாரிகளுக்கும், 1936-இல் கார்களுக்கும் பனி டயர் செய்தது. பிற்காலத்தில் ஆணி டயர்கள் பரவின. பனிக்கட்டியில் அவை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பனியில்லாத சாலையைச் சுரண்டிப் புழுதியாக்கிவிடும். இந்தப் புழுதி மக்களின் மூச்சில் கலந்ததால், ஜப்பான் 1990-இல் சட்டமியற்றி ஆணி டயரைக் கட்டுப்படுத்தியது. அதற்கு மாற்றாக, ரப்பருக்குள் நுண்ணிய குமிழிகள் கொண்ட டயர்கள் அங்கே பரவின. பனிக்கட்டியின் மேலுள்ள நீர்ப்படலத்தை அக்குமிழிகள் உறிஞ்சி அகற்றுகின்றன.

அப்படியானால் நான்கு சக்கர இயக்கம் வீணா?

வீண் இல்லை. பனி அகற்றப்படாத மலைச்சாலையில் ஏறவும், ஆழமான பனியில் சிக்கிய வண்டியைக் கிளப்பவும் அதற்கு இணை இல்லை. இரண்டும் இருந்தால் மிகவும் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால், முதலில் வேண்டியது பனி டயர். கிளம்ப முடியாத கார் வீட்டு வாசலில் நின்றிருக்கும். நிற்க முடியாத கார் எங்கே போய் முட்டும் என்று யார் சொல்ல முடியும்?

பனி டயரை நான்கு சக்கரங்களிலும் மாட்டவேண்டும். முன்னால் மட்டும் மாட்டினால், பிரேக் போடும்போது பிடிப்பில்லாத பின்பக்கம் வழுக்கி, கார் பம்பரம்போல் சுழன்றுவிடும். கோடை வந்ததும் கழற்றிவிடவும் வேண்டும். வெப்பத்தில் அந்த மென்மையான ரப்பர் விரைவில் தேய்ந்துபோகும்.

கியூபெக் மாகாணம் 2008-ஆம் ஆண்டு முதல் குளிர்காலத்தில் கார்களுக்குப் பனி டயரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இப்போது அங்கே திசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டம். எஞ்சின் எத்தனை சக்கரங்களை இழுக்கிறது என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. இழுக்கும் சக்கரம் இரண்டானாலும் நான்கானாலும் பனி டயர் வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

பனி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். ஒரு பலகையின்மேல் எழுதியதை அழிக்கும் ரப்பர்த் துண்டை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ரப்பர் வழுக்கத் தொடங்கும் நிலையில் உயரத்தை அளந்து, கிடைமட்டத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே உராய்வுக் குணகம். பிறகு பலகையில் சோப்பு நீர் தடவி மீண்டும் அளந்து பாருங்கள். எண் எவ்வளவு குறைகிறது?

அடுத்து, ரப்பரின்மேல் சில நாணயங்களை ஒட்டி எடையைக் கூட்டுங்கள். வழுக்கும் உயரம் அநேகமாக மாறாது! கனமான வண்டி பனியில் சீக்கிரம் நிற்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டுங்கள். எடை கூடினால் உராய்வு கூடும். ஆனால் நிறுத்தவேண்டிய நிறையும் அதே அளவு கூடிவிடுகிறதே!