விளக்கு தெரிகிறது, வழி தெரிகிறதா?



திருநெல்வேலி மாவட்டத்தின் கடற்கரையில், திசையன்விளைக்கு அருகே உவரி என்றோர் ஊர் இருக்கிறது. அந்தோனியார் கோவிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோவிலுக்கும் வெளியூர்களிலிருந்து மக்கள் வந்துபோகும் ஊர். இரவில் இங்கிருந்து வலையோடு கடலுக்குள் போகிறவர்கள் தென்மேற்கே திரும்பினால், அடிவானத்தில் விளக்குகள் மின்னுவதைக் காணலாம். அது கூடங்குளம் அணுமின் நிலையம்.

கூடங்குளம் உவரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பூமி உருண்டை. அப்படியிருக்க, அவ்வளவு தூரத்து விளக்கு எப்படித் தெரிகிறது? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிதாகரஸ் தேற்றம் போதும். விளக்கு தெரியும் தூரத்தின் வர்க்கம், ஏறத்தாழ, பூமியின் விட்டத்தை விளக்கின் உயரத்தால் பெருக்கினால் வரும் எண்ணுக்குச் சமம். பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர். விளக்கின் உயரம் 50 மீட்டர், அதாவது 0.05 கிலோமீட்டர். பெருக்கினால் 637. அதன் வர்க்கமூலம் 25-க்குச் சற்று மேல். ஆகவே 50 மீட்டர் உயரத்து விளக்கை 25 கிலோமீட்டர் தூரம்வரை பூமியின் வளைவு மறைப்பதில்லை.

விளக்கு தெரிகிறது, சரி. அந்த விளக்கின் கீழே ஒருநாள் வேலை பார்க்க வேண்டுமானால், இன்று உவரியில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவனோ மாணவியோ எந்த வழியாகப் போகவேண்டும்? இந்தக் கணக்கை நம் பாடப்புத்தகங்கள் போட்டுக் காட்டுவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சுற்றிலும் விஞ்ஞானம்

உவரியை நடுவில் வைத்துச் சுற்றிலும் பாருங்கள். தென்மேற்கே கூடங்குளம். அங்கே ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் 2014-லும் 2017-லும் வணிக ரீதியாக மின்சாரம் தரத் தொடங்கின.

மேற்கே மலையடிவாரத்தில் மகேந்திரகிரி. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ராக்கெட் என்ஜின்களைச் சோதித்துப் பார்க்கும் இடம். 2014 ஜனவரி 5 அன்று நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் என்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்ததே, அந்த என்ஜினுக்கும் இங்கேதான் பரீட்சை நடந்தது. இத்தகைய என்ஜினுக்கு எரிபொருள் திரவ ஹைட்ரஜன். அதன் குளிர்ச்சி மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் 10 மீட்டர் நீளமுள்ள எவர்சில்வர்க் குழாய் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் சுருங்கிவிடும். குழாயை வெல்டிங் செய்கிறவர் வைக்கும் ஒவ்வொரு பற்றும் இந்த இழுவையைத் தாங்கவேண்டும். மயிரிழை அளவு கசிவும் கூடாது. அந்த வெல்டர் செய்வது சாதாரண வேலையா?

வடகிழக்கே கடலோரமாகவே போனால் குலசேகரன்பட்டினம். அங்கே சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவத்தை நோக்கிப் போகும் ராக்கெட், இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும். சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல், நேராகப் போகலாம்.

இவற்றுக்கிடையே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி நிற்கும் காற்றாலைகள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் அடங்கிய திறன் எட்டு மடங்காகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஒரு காற்றாலை ஒருநாள் பழுதாகி நின்றாலும் எவ்வளவு இழப்பு என்று எண்ணிப் பாருங்கள். அந்த உயரத்தில் ஏறிப் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும்.

ஒரு மாணவனின் கதை

இவ்வளவும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் என்ன நடக்கிறது? என்னிடம் இயற்பியல் படித்த ஒரு கடற்கரை மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். படகில் பொருத்தும் மோட்டாரை எட்டாம் வகுப்பிலேயே கழற்றி மாட்டத் தெரிந்தவன். ஆனால் "ஒரு டிகிரி வாங்கிவிடு" என்று எல்லாரும் சொன்னதால் பி.எஸ்ஸி. சேர்ந்தான். இரண்டாம் வகுப்பில் தேறினான். பிறகு ஒரு நாள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. அவன் கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை. ஆனால் கேட்டிருந்த தகுதி ஐ.டி.ஐ. சான்றிதழ்.

"சார், மூணு வருஷம் படிச்சது இதுக்கு ஆகாதா சார்?" என்றான்.

ஆகாது. மேல்படியில் இருந்த உதவியாளர் வேலைக்கோ பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு கேட்டிருந்தார்கள். கீழ்ப்படிக்குச் சான்றிதழ் இல்லை, மேல்படிக்கு மதிப்பெண் இல்லை. மூன்று ஆண்டுகள் அவனுக்குப் பாடம் சொன்ன நான், "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. கடைசியில் இருபத்தோராம் வயதில், பத்தாம் வகுப்பு முடித்து வந்த பையன்களுக்கு நடுவே ஐ.டி.ஐ.யில் உட்கார்ந்தான். பத்தாம் வகுப்பிலேயே ஒருவர் வழி சொல்லியிருந்தால் ஐந்து ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

நான்கு வாசல்கள்

பெரிய நிறுவனத்துக்கு வெளியே ஒரே ஒரு கேட்தான் தெரியும். உள்ளே போக, உண்மையில், நான்கு வாசல்கள் உண்டு.

முதலாவது, பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில்களுக்கு இரண்டு ஆண்டு, வெல்டருக்கு ஓராண்டு. விண்வெளி நிறுவனம் டெக்னீஷியன் வேலைக்குக் கேட்பது இந்தத் தகுதியைத்தான். அணுமின் கழகமும் பராமரிப்புப் பணிக்கான பயிற்சிக்கு இவர்களை எடுக்கிறது.

இரண்டாவது, பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல். இதை முடித்தவர்களை அணுமின் கழகம் இயந்திரங்களை இயக்கும் பணிக்கு, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது.

மூன்றாவது, பாலிடெக்னிக் டிப்ளமோ. நான்காவது, பி.எஸ்ஸி. அல்லது பொறியியல் பட்டம். டிப்ளமோவுக்கும் பி.எஸ்ஸி.க்கும் விண்வெளி நிறுவனம் பொதுவாக முதல் வகுப்பு கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு வாசலில் நுழைந்தவர் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியிலும் அப்படியே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே ஐ.டி.ஐ. என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் ஏணியின் ஒரு படிதான்.

கல்விக்கும் தொழிலுக்கும் ஒரு பாலம்

படித்ததற்கும் செய்ய வேண்டியதற்கும் இடையே எப்போதும் ஒரு இடைவெளி உண்டு. இதை நன்கு உணர்ந்தவர் ஹோமி பாபா. அணு உலையை இயக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் ஆயத்தமாக இல்லை. எனவே 1957-ல் டிராம்பேயில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, கல்லூரியிலிருந்து வெளிவந்த இளைஞர்களை அங்கே தயார் செய்தார். வேலை தருகிறவரே பள்ளிக்கூடமும் நடத்தினார்.

எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்ய இயலாது. அதனால்தான் 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே உதவித்தொகை பெற்றுக்கொண்டு பயிற்சி பெறலாம். 1973-ல் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ பெற்றவர்களும், 1986-ல் பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவில் தேறியவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஜெர்மனியிலோ தொழில் கற்கும் மாணவர் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியிலும் மற்ற நாள்களில் தொழிற்சாலையிலும் படிக்கிறார். அங்கே பாடமும் பட்டறையும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. அப்ரண்டிஸ் பயிற்சி முடித்த எல்லாருக்கும் அதே நிறுவனம் வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பக்கத்து ஊர்க்காரர் என்பதால் மட்டும் மத்திய நிறுவனங்களில் இடம் கிடைத்துவிடாது. போட்டி இந்தியா முழுவதற்கும் பொது. ஆனால் பயிற்சிக்குப் பின் கையில் இருக்கும் சான்றிதழும் அனுபவமும் வேறெந்த ஊர்த் தொழிற்சாலையிலும் செல்லும்.

கடலும் ஒரு தொழிற்கூடம்

கடலை விட்டுப் போவதுதான் முன்னேற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். கொச்சியில் 1963-ல் தொடங்கிய மத்திய மீன்வள நிறுவனம் ஒன்று இருக்கிறது, 'சிப்நெட்' என்பார்கள். சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் அதற்குக் கிளைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்துத் தேறியவர்களுக்கு, மீன்பிடிக் கப்பலைச் செலுத்தவும் அதன் இயந்திரத்தைப் பராமரிக்கவும் இரண்டாண்டுப் பயிற்சி தருகிறது. பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்குத் தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது.

உங்கள் அப்பாவின் படகிலேயே இயற்பியல் இருக்கிறது. எதிரொலிமானி அனுப்பும் ஒலி, அடித்தளத்தில் பட்டுத் திரும்ப 0.1 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர். போக வர 150 மீட்டர். ஆகவே ஆழம் 75 மீட்டர். ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கூடங்குளத்தை எதிர்த்து 2011, 2012 ஆம் ஆண்டுகளில் இடிந்தகரையில் பெரும் போராட்டம் நடந்தது. கடல் என்ன ஆகும், மீன் என்ன ஆகும் என்ற அச்சம் அதில் இருந்தது. 1000 மெகாவாட் மின்சாரம் தர, உலையில் ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பம் உண்டாக வேண்டும். மீதி 2000 மெகாவாட்டைக் குளிர்விக்கும் நீர் கடலுக்குக் கொண்டுபோகிறது. அந்த நீரின் சூட்டை அளப்பதும் ஒரு வேலை. அளந்த எண்ணைப் படித்து, "இது சரியா?" என்று கேட்பதும் அறிவுள்ள வேலை. நிலையத்துக்கு உள்ளே இருப்பவருக்கும் கரையில் நின்று கேள்வி கேட்பவருக்கும் ஒரே இயற்பியல்தான் தேவைப்படுகிறது.

செய்து பாருங்கள்

ஒரு பெரிய தாளில் உங்கள் ஊரை நடுவில் குறித்து, 40 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அதற்குள் உள்ள ஆலை, பட்டறை, துறைமுகம், மருத்துவமனை, மின் நிலையம் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று விவரங்கள் எழுதுங்கள்: அங்கே என்னென்ன வேலைகள்? அதற்கு என்ன சான்றிதழ்? அதற்கு இன்று எந்தப் பாடத்தை நன்றாகப் படிக்கவேண்டும்? மூன்றாவதை ஆசிரியரிடம் கேளுங்கள். முதலிரண்டை அங்கே வேலை பார்க்கும் அண்ணன், அக்காமாரிடம் கேளுங்கள். அவர்களில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்ல முடியுமா என்று தலைமையாசிரியரிடம் விண்ணப்பியுங்கள். தகுதி விதிகள் அவ்வப்போது மாறும். ஆகவே புதிய அறிவிப்பைப் பார்த்து ஆண்டுதோறும் திருத்துங்கள்.

தாள் தயாரானதும் பத்தாம் வகுப்பு அறையின் சுவரில் ஒட்டிவிடுங்கள். என் மாணவன் ஐந்து ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டதை, உங்கள் தம்பி தங்கைகள் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.