அத்திவாரத்துக்கு முன் ஒரு கொப்பி

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, 2009இல் போர் முடிந்தபின் முல்லைத்தீவுக்குத் திரும்பிய நம் சகோதரிகள் வெறுங்காணியில் வீடு கட்ட வேண்டியிருந்தது. 2012இல் வடக்கு, கிழக்கில் விரிந்த இந்திய வீட்டுத் திட்டமும் ஐந்தரை இலட்சம் ரூபாவை ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. வேலை முடிய முடியத்தான் அடுத்த தவணை.

ஆகவே, 'வீடு' என்று மொத்தமாகக் கணக்குப் போட்டால் பணம் சுவரோடு நின்றுவிடும். அத்திவாரம், சுவர், கூரை, மலசலகூடம் எனக் கொப்பியில் பிரித்து எழுதுங்கள். அத்திவாரத்துக்குக் கீழே கிடங்கு வெட்டுதல், கல் கட்டுதல், மண் நிரப்பி இறுக்குதல். சுவருக்குக் கீழே 'தண்ணீர் விடுதல்' என்றும் எழுதுங்கள். மேசன் அதைக் கணக்கில் சொல்லமாட்டார்! சீமெந்து வேலை ஏழு நாளாவது நனைந்திருக்க வேண்டும். வன்னிக் கோடையில் அந்தத் தண்ணீரை அள்ளி வருவது யார்? பெரும்பாலும் நீங்கள்தான். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டும். மரம் வாங்கும் நாளை அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.