நான்கு சொற்களுக்கு மூன்று நாள்

என் தொழிலைச் சொன்னதும் உறவினர்கள் பலர் என்னைக் காப்புரிமை வழக்கறிஞர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காப்பிரைட்டர், காப்பிரைட் இரண்டும் காதில் ஒன்றுபோலத்தானே விழுகின்றன! நான் சட்டம் படித்தவன் அல்ல. விளம்பரங்களுக்கும் அறிவிப்புகளுக்கும் வாசகம் எழுதுகிறவன். சிங்கப்பூரில், தமிழில், எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் வாங்காமல்.

கணக்கு எழுதும் வேலையில் இருந்தபோது சிராங்கூன் சாலை மளிகைக் கடை ஒன்றுக்குத் தீபாவளித் துண்டுப்பிரசுரம் எழுதிக் கொடுத்தேன். அதை அச்சிட்டவர் மொழிபெயர்ப்பு வேலைகளை அனுப்பத் தொடங்கினார். அப்படியே இந்தப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நான்கும் அதிகாரத்துவ மொழிகள். அதனால் பொது அறிவிப்புகள் பலவும் நான்கிலும் வரும். ஆனால் பெரும்பாலும் ஆங்கில வாசகம் முடிந்து, வடிவமைப்பும் முடிந்து, கடைசியில் மிஞ்சிய இடத்தில்தான் தமிழ் ஏறும். அந்த மிஞ்சிய இடத்தில்தான் என் பிழைப்பு.

மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் கூலி. தமிழில் வேற்றுமையும் காலமும் எதிர்மறையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலத்தின் பத்துச் சொல் நம்மிடம் ஆறாகிவிடும். தமிழ்ச் சொற்களை எண்ணிப் பணம் தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். (சொல் குறைந்தாலும் வரியின் நீளம் குறையாது. அதற்கு வடிவமைப்பாளரிடம் வேறு திட்டு வாங்கவேண்டும்.) விளம்பர வாசகத்துக்கு நான் சொல் எண்ணுவதில்லை, வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை. நான்கு சொற்களுக்கு மூன்று நாள் ஆனதுண்டு.

அந்த நான்கு சொற்கள் டெங்கி பற்றியவை. ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் பெருகும். ஆங்கிலத்தில் கட்டளை முதல் சொல்லாகவே வந்துவிடுகிறது. தமிழில் வினை கடைசிக்குப் போய்விடும். மின்தூக்கிக்குக் காத்திருப்பவர் அதுவரை படிப்பாரா? அதனால் கட்டளையை விட்டுவிட்டுக் கேள்விக்குப் போனேன்: ‘பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கிறதா?’ வீட்டுக்குள் நுழைந்ததும் தட்டை ஒருமுறை பார்க்கத் தோன்றவேண்டும், அவ்வளவுதான். அடுத்த வரியில் ‘கொட்டிவிடுங்கள்’. அங்கே ‘அகற்றவும்’ எழுதமாட்டேன். ‘வும்’ என்று முடிந்தால் அது அலுவலகம் பேசுவது; ‘ங்கள்’ என்று முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது.

இப்போது இயந்திர மொழிபெயர்ப்பை அனுப்பி, “சும்மா ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்” என்று பாதிக் கூலிக்குக் கேட்கிறார்கள். அதில் எனக்கு முதலில் கண்ணில் படுவது ‘உங்கள்’தான். உங்கள் கைகளை, உங்கள் முகத்தை, உங்கள் குழந்தைகளை என்று வரிக்கு வரி வரும். கை கழுவுங்கள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கையையா கழுவப்போகிறோம்?

அன்றாட வேலைகளுக்கு ஆங்கிலமே போதும் என்னும் தமிழர்கள் இங்கே ஏராளம். தமிழ் வரியை நம்பியிருப்பவர்கள் முதியவர்களும், கட்டுமான வேலைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பிகளும்தான். வேலையிடப் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றுக்கு ‘உயரத்தில் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது தமிழ் தெரியாத மென்பொருள் வரியை நடுவில் முறித்திருந்தது. மேல்வரியில் ‘கழற்றா’, கீழ்வரியில் ‘தீர்கள்’. நம் மொழியில் ‘கூடாது’ என்பது வினைச்சொல்லின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதை அறுத்தால் எச்சரிக்கையே போய்விடும். கொம்பும் காலும் வேறு தனித்தனியாகக் கிடந்தன. இறுதிப் படியைக் காட்டுங்கள் என்று முன்பே கேட்டிருந்தேன், நேரமில்லை என்று மறுத்திருந்தார்கள். மறுபடி அச்சிட வைக்க நான்கு மின்னஞ்சல்கள் ஆயின. உடைந்த தமிழை இரண்டு தடவை பார்த்த தொழிலாளி மூன்றாம் தடவை அந்தப் பலகைப் பக்கமே திரும்பமாட்டார். அங்கே போவது மொழியின் மானம் மட்டுமல்ல.

அன்றிலிருந்து என் விலைப்பட்டியலில் இறுதிப் படி பார்ப்பது தனி வரியாக இருக்கிறது. காசு தராவிட்டாலும் பார்த்துவிடுவேன்.

அந்த அறிவிப்பில் ‘பெல்ட்’ வேண்டாம், ‘பாதுகாப்புக் கச்சை’ என்று போடுங்கள் என்றும் ஒரு யோசனை வந்தது. நல்ல சொல்தான். சாப்பாட்டு நேரத்தில் தம்பிகள் சிலரிடம் இரண்டையும் வாசிக்கச் சொன்னேன். கச்சையில் எல்லோரும் ஒரு நொடி நின்றார்கள். பெல்ட்டில் யாரும் நிற்கவில்லை.