பன்னிக்காரப் பையனும் கறுப்புக் கொப்பரையும்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "சோலார் பத்தி எழுது, ரோபோ பத்தி எழுது" என்றார்கள். அதையெல்லாம் எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எழுதப் போவது ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றி! "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இது தேவையா?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுக்கவும்.

போன செமஸ்டர் லீவுக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி. விடுதியில் ஒரு அறை, ஒரு லேப்டாப், அதைச் சுற்றிப் பதினோரு பேர். வாள், மந்திரம், எலும்புக்கூட்டுப் படை என்று யாரோ சொன்னதை நம்பிப் போட்ட படம் அது. பெயர் 'தி பிளாக் கால்ட்ரன்'. தமிழில் சொன்னால் கறுப்புக் கொப்பரை. அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனி 1985 ஜூலை 24-ல் வெளியிட்ட படம். அவர்களுடைய முழுநீள கார்ட்டூன் படங்களில் இருபத்தைந்தாவது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிடைன் என்கிற கற்பனை நாடு. அங்கே டாரன் என்று ஒரு பையன். அவனுக்குப் போர்வீரன் ஆக வேண்டுமென்று ஆசை. ஆனால் பார்க்கும் வேலை பன்றி வளர்ப்பு, அதிலும் 'உதவி' பன்றி வளர்ப்பாளன்! அவன் பார்த்துக்கொள்ளும் ஹென் வென் என்ற பன்றிக்குத் தொலைவில் நடப்பதைத் தண்ணீரில் காட்டும் சக்தி உண்டு. தலையில் கொம்பு முளைத்த ஒரு கொடிய ராஜா அந்தப் பன்றியைத் தேடுகிறான். ஏனென்றால் எங்கேயோ மறைந்து கிடக்கும் கறுப்புக் கொப்பரையில் பிணங்களைப் போட்டால் சாகாத படையாக எழுந்து வரும். அந்தக் கொப்பரை இருக்கும் இடத்தைப் பன்றிதான் காட்ட வேண்டும். டாரன் கனவு கண்டுகொண்டே நடந்து பன்றியைத் தொலைக்கிறான். அப்புறம் ஓர் இளவரசி, ஒரு கிழட்டுப் பாடகன், திருட்டுப் புத்தி உள்ள கர்கி என்ற சடைமுடிப் பிராணி, ஒரு மந்திர வாள், மூன்று சூனியக்காரிகள்...

"டேய், ஹீரோ பன்னி மேய்க்கிறவன்டா!" என்று ஒருத்தன் கத்தினான். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் படத்தை எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்ப்போம். நம்மில் ஒரு ஏ1 ஷீட்டை முடிக்க மூன்று மணி நேரம் டிராயிங் ஹாலில் நின்று முதுகு ஒடிந்தவர்கள் நிறையப் பேர். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். படம் 80 நிமிஷம். நொடிக்கு 24 சட்டம். 80 x 60 x 24 என்றால் 1,15,200 சட்டங்கள். ஒரே ஓவியத்தை இரண்டு சட்டத்துக்கு வைத்துப் படம் பிடிப்பது வழக்கம். அப்படி வைத்தாலும், ஒரே ஒரு பாத்திரம் படம் முழுக்க அசைய 57,600 ஓவியங்கள் வேண்டும். திரையில் நாலு பேர் நின்றால் நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்!

பென்சிலில் வரைந்த ஓவியத்தை அப்படியே படம் பிடிக்க முடியாது. கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு, அவர்கள் மொழியில் 'செல்'லுக்கு, அதை மாற்ற வேண்டும். தாளின் பின்பக்கம் வண்ணம் பூசி, தனியாகத் தீட்டிய காடு, கோட்டை ஓவியத்தின் மேல் வைத்து, மேலிருந்து கேமராவால் ஒவ்வொரு சட்டமாக எடுப்பார்கள். ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கோட்டையும் மை தொட்டுக் கையால் பிரதி எடுத்தார்கள். நாம் டிரேசிங் ஷீட்டில் எடுப்போமே, அது போலத்தான். 1961-ல் வந்த நாய்க்குட்டிகள் படத்திலிருந்து ஜெராக்ஸ் முறைக்கு மாறினார்கள். வேலை குறைந்தது, கோடு கரடுமுரடானது. கறுப்புக் கொப்பரைக்காக ஏ.பி.டி. என்று புதிதாக ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். ஓவியத்தைப் போட்டோ பிலிமில் எடுத்து, அங்கிருந்து ஒளியால் பிளாஸ்டிக் தாளுக்கு மாற்றும் வித்தை அது. கோடு சுத்தமாக வந்தது, ஆனால் நாள்பட மங்கியது. லேப்பில் நாமும் பார்க்கிறோமே, புது மெஷின் வந்தவுடனே பழைய மெஷினை ஓரங்கட்ட முடிகிறதா?

இது போதாதென்று 70 மில்லிமீட்டர் அகலத் திரைக்காக எடுத்தார்கள். டிஸ்னி கார்ட்டூனில் அந்த அளவு 1959-க்குப் பிறகு அதுதான். திரை அகலமானால் ஓவியமும் அகலம், வேலையும் அகலம். சில இடங்களில் கம்ப்யூட்டர் வரைந்த உருவங்களையும் சேர்த்தார்கள். இளவரசியோடு மிதந்து வரும் ஒளிப்பந்தைக் கவனியுங்கள். டிஸ்னியின் முழுநீளக் கார்ட்டூனில் கம்ப்யூட்டர் நுழைந்தது இந்தப் படத்தில்தான்.

இவ்வளவு செய்தும் ஏன் தோற்றது? என் கணிப்பில் காலதாமதம்தான் முதல் காரணம். கதை உரிமையை வாங்கியது 1971-ல். படம் வந்தது 1985-ல். இடையில் 14 வருஷம்! அதற்குள் பழைய ஓவியர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். 1979-ல் டான் பிளூத் என்ற முக்கியமான ஓவியர் ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வெளியேறித் தனிக் கம்பெனி தொடங்கிவிட்டார். பின்னாளில் பெரிய டைரக்டர் ஆன டிம் பர்டன் அப்போது அங்கே சின்ன ஓவியர். அவர் விதவிதமாகப் பூதங்களை வரைந்து கொடுத்தார், படத்தில் அவற்றைப் பயன்படுத்தவில்லை.

1984-ல் கம்பெனி நிர்வாகமே மாறியது. படப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர் ஜெஃப்ரி கட்சன்பெர்க். ஏறக்குறைய முடிந்த படத்தைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கொப்பரையிலிருந்து பிணங்கள் எழும் கட்டத்தில் குழந்தைகள் பயந்து வெளியே ஓடிவிட்டார்களாம். "வெட்டுங்கள்" என்றார் புதியவர். கார்ட்டூனில் அப்படியெல்லாம் வெட்ட முடியாது என்று தயாரிப்பாளர் ஜோ ஹேல் மறுத்தார். சாதாரணப் படத்தில் ஒரே காட்சியை நாலைந்து கோணத்தில் எடுத்து வைத்திருப்பார்கள், வெட்டினால் வேறு துண்டை வைத்து ஒட்டலாம். கார்ட்டூனில் தேவையானதை மட்டுமே வரைகிறார்கள். வெட்டினால் பள்ளம்தான்! கட்சன்பெர்க் தானே எடிட்டிங் அறைக்குள் போய்க் கத்தரியைக் கையில் எடுக்க, மேலிடம் தலையிட்டு அவரைத் தடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் சுமார் 12 நிமிஷம் போனது. 1984 கிறிஸ்துமசுக்கு வரவேண்டிய படம் அடுத்த வருஷம் ஜூலைக்குத் தள்ளிப்போனது. பிணங்கள் எழும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், பின்னணி இசை திடீரென்று ஒரு தாவு தாவும். அதுதான் கத்தரி பட்ட தழும்பு. அந்த இசையமைப்பாளர் எல்மர் பெர்ன்ஸ்டைன், கேட்டால் அவர் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

செலவு 4 கோடியே 40 லட்சம் டாலர். அமெரிக்காவில் வசூல் 2 கோடியே 13 லட்சம். அதே வருஷம் 'கேர் பியர்ஸ்' என்ற பொம்மைக் கரடிப் படம், மிகக் குறைந்த செலவில் வேறொரு கம்பெனி எடுத்தது, 2 கோடியே 29 லட்சம் வாங்கியது. கரடிப் பொம்மையிடம் தோற்றோமே என்று டிஸ்னிக்காரர்களுக்கு வெட்கம். பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்ற 'பி.ஜி.' முத்திரை வாங்கிய முதல் டிஸ்னி கார்ட்டூனும் இதுதான். அதைப் பார்த்தே பல குடும்பங்கள் ஒதுங்கியிருக்கும். பெரிய பையன்களோ டிஸ்னி என்ற பெயரைப் பார்த்து ஒதுங்கியிருப்பார்கள். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பாராட்டித்தான் எழுதினார். பலர் பாத்திரங்களில் உயிரில்லை என்றார்கள். கதையை எழுதிய லாயிட் அலெக்சாண்டர், படத்துக்கும் தன் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் படமாகப் பார்க்க ரசித்தேன் என்கிற மாதிரிச் சொன்னார். பெரிய மனசு!

அந்த வருஷமே ஓவியர்களைத் தலைமை ஸ்டூடியோவிலிருந்து காலி செய்து வேறு ஊரில் ஒரு கிடங்குக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் இந்தப் படத்தின் வீடியோ கேசட் 1998-ல்தான் வந்தது. பதின்மூன்று வருஷம் ஒளித்து வைத்தார்கள் என்றே சொல்லலாம். சின்ன வயசில் தியேட்டரில் பார்த்துப் பயந்தவர்கள் வளர்ந்து, "அந்தக் கொம்பு ராஜா படம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. டோக்கியோ டிஸ்னிலாந்தில் 1986 முதல் 2006 வரை அதே கொம்பு ராஜாவைக் கோட்டைக்குள் வைத்துக் காட்டினார்கள். வந்தவர்களில் ஒருவர் கையில் வாளைக் கொடுத்து அவனை வீழ்த்தச் சொல்வார்கள். சொந்த ஊரில் ஓடாதவன் ஜப்பானில் இருபது வருஷம் ஓடினான்.

படத்தைப் பார்த்த பிறகு அலெக்சாண்டரின் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். மொத்தம் ஐந்து, 1964-லிருந்து 1968-க்குள் வந்தவை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததால் நாலு மாதம் ஆயிற்று. படம் முதல் இரண்டு புத்தகங்களைப் பிசைந்து எடுத்த உருண்டை. நாலாவது புத்தகம்தான் எனக்கு உயிர். அதில் டாரன் தன் அப்பா அம்மா யார் என்று தேடிப் போகிறான். உயர்ந்த குலமாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை. போகிற வழியில் ஒரு கொல்லரிடம் வேலை பழகுகிறான், பிறகு நெசவு, பிறகு மண்பாண்டம். கொல்லுப் பட்டறை வர்ணனையைப் படித்தபோது நம் ஸ்மிதி ஷாப் நெடி அடித்தது எனக்கு. அந்தப் புத்தகத்தை டிஸ்னி தொடவே இல்லை. அதுதான் படத்தின் மேல் எனக்குள்ள ஒரே கோபம்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். படத்தின் முடிவில் கர்கி தானாகக் கொப்பரைக்குள் குதித்து உயிரைக் கொடுத்து அதன் சக்தியை அழிக்கிறது. சூனியக்காரிகள் டாரனிடம் பேரம் பேசுகிறார்கள். அவன் முன்பு கொப்பரைக்கு விலையாகக் கொடுத்த மந்திர வாளைத் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். அவன் வேண்டாம் என்கிறான். நான் பன்றி வளர்க்கும் பையன், வாளை வைத்து என்ன செய்வேன், கர்கியைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கிறான். விழித்திருந்தது ஆறு பேர்தான். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் மட்டும் பழக்கதோஷத்தில், "என்ன மச்சான், பன்னிக்காரனுக்கு இவ்ளோ பில்டப்பு!" என்றான்.

"எங்கப்பாவும் பன்னிதான் வளர்க்கிறாரு" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டரை வருஷமாக 'விவசாயம்' என்று சொல்லி வந்தவன் நான். அட்மிஷன் பாரத்தில்கூட அப்படித்தான் எழுதினேன். தினமும் காலையில் அப்பா டி.வி.எஸ். வண்டியில் இரண்டு டிரம் கட்டிக்கொண்டு டவுன் ஓட்டல்களுக்குப் போய் மிச்சச் சோறு எடுத்து வருவார். அதைத் தவிட்டோடு சேர்த்து அண்டாவில் வேகவைப்போம். டாரன் படத்தின் ஆரம்பத்தில் கனவு கண்டுகொண்டே பன்றித் தீனியைப் பொங்கவிட்டுத் திட்டு வாங்குகிறானே, பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயம் நானும் புத்தகமும் கையுமாக அதே தப்பைச் செய்து அடுப்பை அணைத்திருக்கிறேன்.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அதே நண்பன், "ஒரு பன்னி எத்தனை குட்டிடா போடும்?" என்று கேட்டான். எட்டு, பத்து என்றேன். குட்டி என்ன விலை, எத்தனை மாதத்தில் விற்கலாம் என்று பேச்சு விடியற்காலை மூன்று மணி வரை போனது.

லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவுக்குப் போனில் முதல் பத்து நிமிஷம் போட்டுக் காட்டினேன். ஹென் வென்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆறு வாரக் குட்டிடா. இதப் போயி இத்தனை பேரு தேடுறாங்களா?" என்றார். கொம்பு ராஜா வருகிற வரைக்கும் அவர் இருக்கவில்லை. ஓட்டலுக்குப் போகிற நேரம் ஆகிவிட்டது. அன்றைக்கு இரண்டாவது டிரம்மை நான்தான் கட்டினேன்.