சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணமுறிவு

சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணமுறிவு என்பது, இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடைபெற்ற திருமணத்தை அல்லது அச்சட்டப்படி பதிவு செய்யப்பட்ட திருமணத்தை நீதிமன்றத்தின் தீர்ப்பாணை மூலம் முடிவுக்குக் கொண்டுவருதல் ஆகும். மணமுறிவு பேச்சு வழக்கில் விவாகரத்து எனப்படுகிறது. வெவ்வேறு சமயங்களைச் சேர்ந்த இருவர் தத்தம் சமயத்தை விடாமல் செய்துகொள்ளும் திருமணங்களும், சமயச் சடங்கு இன்றி நடைபெறும் குடிமைத் திருமணங்களும் இச்சட்டத்தின் கீழ் வருகின்றன.

இந்தியாவில் அனைவருக்கும் பொதுவான மணமுறிவுச் சட்டம் இல்லை. ஓர் இணையருக்கு எந்த மணமுறிவுச் சட்டம் பொருந்தும் என்பது அவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் மணந்தனர் என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது. எனவே மனு செய்ய விரும்புவோர் முதலில் கண்டறிய வேண்டியது, தம் திருமணச் சான்றிதழ் எச்சட்டப்படி வழங்கப்பட்டது என்பதாகும்.

பொருந்தும் சட்டத்தைக் கண்டறிதல்

கடலூர் மாவட்டத்தில் கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையில் அமைந்துள்ள மேல்பட்டாம்பாக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டில் கார்ல் ஓக்ஸ் என்னும் லூத்தரன் மறைப்பணியாளர் இவ்வூரில் பெத்தானியா என்ற பணித்தளத்தை நிறுவினார். திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வதை ஏற்க மறுத்து, லைப்சிக் மிசனிலிருந்து விலகியவர் அவர். இந்துக்களும் கிறித்தவர்களும் நெடுங்காலமாக அருகருகே வாழும் இத்தகைய ஊர் ஒன்றில், இந்து ஒருவரும் கிறித்தவர் ஒருவரும் மணம் செய்துகொள்ள மூன்று வழிகளை நாடுவதுண்டு. அவற்றின் சட்ட விளைவுகள் வெவ்வேறானவை.

முதலாவது, தேவாலயத் திருமணம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறித்தவராக இருந்தால் போதுமானது. இத்திருமணத்தை முறிக்க 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தின் கீழ் மனு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கோயிலில் தாலி கட்டி இந்து முறைப்படி செய்துகொள்ளும் திருமணம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இந்துக்கள் இருவருக்கு இடையேயான திருமணத்துக்கே பொருந்தும். இச்சட்டத்தில் இந்து என்பது பௌத்தர், சமணர், சீக்கியரையும் உள்ளடக்கியது. ஆந்திராவில் கிறித்தவர் ஒருவரும் இந்துப் பெண் ஒருவரும் கோயிலில் மணந்து, அத்திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவும் செய்திருந்த வழக்கில், அத்திருமணம் செல்லாது என்ற முடிவை உச்ச நீதிமன்றம் 2008இல் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 7ஏ, சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளிக்கிறது. அதுவும் இந்துக்கள் இருவருக்கு இடையே மட்டுமே பொருந்தும். செல்லாத திருமணத்தை முறிக்க இயலாது. அது செல்லாது என்னும் அறிவிப்பையே நீதிமன்றத்தில் கோர முடியும்.

மூன்றாவது, சார்பதிவாளர் முன்னிலையில் சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்துகொள்ளும் திருமணம். இக்கட்டுரையில் விளக்கப்படும் மணமுறிவு முறை இதற்கே உரியது.

"பதிவுத் திருமணம்" என்னும் சொல் இங்கு அடிக்கடி குழப்பத்தை உண்டாக்குகிறது. தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 8, தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் (2009), சிறப்புத் திருமணச் சட்டம் ஆகிய மூன்றில் எதன் கீழும் வழங்கப்பட்டிருக்கலாம். முதல் இரண்டும் ஏற்கெனவே நடந்த திருமணத்தைப் பதிவு செய்பவை மட்டுமே. அவை செல்லாத திருமணத்தைச் செல்லத்தக்கதாக ஆக்குவதில்லை. மாறாக, சிறப்புத் திருமணச் சட்டத்தின் பிரிவு 15, வேறு முறையில் மணந்து சேர்ந்து வாழும் இணையர் தம் திருமணத்தை இச்சட்டத்தின் கீழ் கொண்டுவர வழி செய்கிறது. அவ்வாறு பதிவானபின் அது இச்சட்டப்படி நடைபெற்ற திருமணமாகவே கருதப்படும்.

வரலாறு

இந்தியாவின் முதலாவது சிறப்புத் திருமணச் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. கேசவ சந்திர சென் தலைமையிலான பிரம்ம சமாசத்தினரின் கோரிக்கை இதற்குத் தூண்டுதலாக அமைந்தது. இச்சட்டப்படி மணப்போர் தாம் இந்து, முசுலிம், கிறித்தவம் முதலிய சமயங்களைப் பின்பற்றவில்லை என அறிவிக்க வேண்டியிருந்தது. 1923ஆம் ஆண்டின் திருத்தம், இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோர் தமக்குள் இவ்வறிவிப்பு இன்றி மணக்க இடமளித்தது. இச்சட்டப்படியான திருமணங்களின் முறிவுக்கு 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டமே பொருந்தியது. அச்சட்டத்தில் கணவன் மனைவியின் பிறர்மனைத் தொடர்பை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ அதனுடன் கொடுமை, கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் பொதுவாகக் காட்ட வேண்டியிருந்தது.

சென்னை மாகாணத்தில் 1949இல் இயற்றப்பட்ட சட்டம் இந்துக்களுக்கு மணமுறிவு உரிமை வழங்கியது. நாடு முழுவதற்குமான புதிய சிறப்புத் திருமணச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டு 1955 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சமயத்தைத் துறக்கும் அறிவிப்பு இதில் நீக்கப்பட்டது. இருவரும் இசைந்து பிரியும் உரிமையை இச்சட்டம் தொடக்கத்திலேயே வழங்கியது. இந்து திருமணச் சட்டத்தில் அவ்வுரிமை 1976இலும், கிறித்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டத்தில் 2001இலுமே சேர்க்கப்பட்டது.

மணமுறிவுக்கான காரணங்கள்

சட்டத்தின் பிரிவு 27 கீழ்வரும் காரணங்களைக் குறிப்பிடுகிறது. கணவன், மனைவி ஆகிய இருவரில் எவரும் இவற்றின் அடிப்படையில் மனு செய்யலாம்.

* திருமணத்துக்குப் பின் வேறொருவருடன் விருப்பத்துடன் உடலுறவு கொண்டிருத்தல்
* மனு செய்வதற்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிட்டிருத்தல்
* ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனையை அனுபவித்து வருதல்
* கொடுமையாக நடத்துதல்
* சேர்ந்து வாழ இயலாத அளவிலான தீராத மனநோய்
* தொற்றும் நிலையிலுள்ள பால்வினை நோய்
* ஏழு ஆண்டுகளாக உயிருடன் இருப்பதாகத் தகவல் இல்லாமை

கொடுமை என்பது உடல் வன்முறையை மட்டும் குறிப்பதன்று. மனத்துன்பத்தையும் நீதிமன்றங்கள் கொடுமையாக ஏற்கின்றன. பிறர்மனைத் தொடர்பைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் நீக்கியது. எனினும் அது மணமுறிவுக்கான காரணமாக நீடிக்கிறது. தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் நீக்கப்பட்டது.

நீதிமன்றம் நீதிமுறைப் பிரிவுக்கோ, சேர்ந்து வாழ்வதற்கோ ஆணையிட்டு ஓராண்டுக்கு மேலாகியும் இணையர் சேர்ந்து வாழவில்லை எனில், அதுவும் ஒரு காரணமாகும். மனைவிக்கு மட்டும் உரிய காரணங்களும் சில உள்ளன. கணவன் வன்புணர்வுக் குற்றம் புரிந்திருத்தல் அவற்றுள் ஒன்று.

சமய மாற்றம் இப்பட்டியலில் இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் கணவனோ மனைவியோ வேறு சமயத்துக்கு மாறுவது மணமுறிவுக் காரணமாகும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் அடிப்படை மணமக்களின் சமயம் அன்று என்பதால், இச்சட்டப்படி மணந்தவர் சமயம் மாறினாலும் திருமணம் பாதிக்கப்படுவதில்லை. சமயம் மாறியவர், அதைக் காட்டி முதல் திருமணம் நிலைத்திருக்கும்போதே மறுமணம் செய்தால் அது இருமணக் குற்றமாகும்.

இசைவு மணமுறிவு

இருவரும் ஒத்துக்கொண்டு பிரிய விரும்பினால் பிரிவு 28இன் கீழ் கூட்டு மனு அளிக்கலாம். ஓராண்டு அல்லது அதற்கு மேல் பிரிந்து வாழ்ந்திருத்தல், சேர்ந்து வாழ இயலாமை, திருமணத்தை முடித்துக்கொள்ள இருவரும் இசைதல் ஆகிய மூன்றும் இதற்குத் தேவை. மனு அளித்த ஆறு மாதங்களுக்குப் பின்னும் பதினெட்டு மாதங்களுக்குள்ளும் இருவரும் மீண்டும் நீதிமன்றத்தில் தம் இசைவை உறுதி செய்ய வேண்டும். இடைப்பட்ட காலத்தில் ஒருவர் தம் இசைவைத் திரும்பப் பெறலாம். இசைவு தீர்ப்பாணை வரை நீடிக்க வேண்டும் என 1991இல் உச்ச நீதிமன்றம் இந்து திருமணச் சட்டத்தின் ஒத்த பிரிவு குறித்த வழக்கில் கூறியது.

ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமானதன்று என்றும், சமரச முயற்சிகள் தோற்று, குழந்தைப் பொறுப்பும் பணத் தீர்வும் முடிந்த நிலையில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்றும் அதே ஒத்த பிரிவைக் குறித்து உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

ஓராண்டுத் தடை

திருமணமான முதல் ஓராண்டுக்குள் மணமுறிவு மனு செய்ய இயலாது (பிரிவு 29). 1976 வரை இத்தடை மூன்று ஆண்டுகளாக இருந்தது. மனுதாரருக்கு அளவுகடந்த துன்பம் நேர்ந்திருந்தாலோ, எதிர்மனுதாரரின் நடத்தை மிகவும் இழிவானதாக இருந்தாலோ, நீதிமன்றம் முன்கூட்டியே மனு செய்ய அனுமதி அளிக்கலாம். குழந்தைகளின் நலன், இணையர் மீண்டும் சேர்வதற்கான வாய்ப்பு ஆகியவற்றையும் நீதிமன்றம் அப்போது கருத்தில் கொள்ளும்.

மனு செய்யும் முறை

எந்த நீதிமன்றம்

இச்சட்டப்படி மனு மாவட்ட நீதிமன்றத்தில் அளிக்கப்பட வேண்டும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டப்படி குடும்பநல நீதிமன்றம் நிறுவப்பட்ட பகுதிகளில் அதுவே இவ்வழக்குகளை விசாரிக்கும். கடலூர் மாவட்டத்தில் குடும்பநல நீதிமன்றம் மாவட்டத் தலைநகரான கடலூரில் உள்ளது.

திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வாழும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் ஒன்று அந்நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். மனைவி மனு செய்யும்போது அவர் அப்போது வாழும் இடமும் போதுமானது என 2003ஆம் ஆண்டின் திருத்தம் சேர்த்தது. இதன்படி சென்னையில் மணந்து பெங்களூரில் வாழ்ந்த பெண் ஒருவர், பிரிந்தபின் மேல்பட்டாம்பாக்கத்தில் உள்ள தாய்வீட்டில் தங்கியிருந்தால், கடலூரிலேயே மனு செய்யலாம். இத்திருத்தத்துக்கு முன் அவர் பெரும்பாலும் கணவனின் ஊருக்கே வழக்குக்காகச் செல்ல வேண்டியிருந்தது. கணவனுக்கு இச்சலுகை இல்லை.

மனுவும் விசாரணையும்

மனுவில் திருமணத்தின் நாளும் இடமும், இருவரின் முகவரி, குழந்தைகள் பற்றிய விவரம், மணமுறிவு கோரும் காரணத்துக்கு அடிப்படையான நிகழ்வுகள் ஆகியன தெளிவாகக் கூறப்பட வேண்டும். திருமணச் சான்றிதழ் முதன்மையான ஆவணமாகும். மனு ஏற்கப்பட்டபின் எதிர்மனுதாரருக்கு அழைப்பாணை அனுப்பப்படும். அதைப் பெற்றும் அவர் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கப்படலாம். ஆனால் அப்போதும் காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா, இருவரும் கூடிப்பேசி நீதிமன்றத்தை ஏமாற்றுகின்றனரா என்பவற்றை நீதிமன்றம் ஆராய வேண்டும்.

விசாரணைக்கு முன் இணையரைச் சேர்த்துவைக்க முயல்வது நீதிமன்றத்தின் கடமையாகும். குடும்பநல நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் இப்பணியைச் செய்கின்றனர். விசாரணை மூடிய அறையில் நடைபெறும். அதன் விவரங்களை நீதிமன்றத்தின் அனுமதி இன்றி வெளியிடுவது குற்றமாகும். வழக்குரைஞர் வைக்க வசதியற்றோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு இன்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

வாழ்க்கைப்படி, குழந்தைகள், சொத்து

வழக்கு நடைபெறும் காலத்துக்கும் அதன் பின்னரும் கணவன் மனைவிக்கு வாழ்க்கைப்படி (சீவனாம்சம்) வழங்க நீதிமன்றம் ஆணையிடலாம். இந்து திருமணச் சட்டத்தில் கணவன், மனைவி இருவருமே இதைக் கோரலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் மனைவி மட்டுமே கோர இயலும். குழந்தைகளின் பொறுப்பு, கல்வி, பராமரிப்பு குறித்தும் நீதிமன்றம் ஆணையிடும். குழந்தைகளின் விருப்பமும் இயன்றவரை கருத்தில் கொள்ளப்படும்.

இச்சட்டப்படி மணந்தோரின் சொத்துக்கு அவரவர் சமயச் சட்டத்துக்கு மாறாக 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்துகிறது. பிற சமயத்தவரை மணக்கும் இந்து, தம் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். இருவருமே இந்து, பௌத்தர், சீக்கியர் அல்லது சமணர் எனில் இவ்விதிகள் பொருந்தா என 1976இல் சேர்க்கப்பட்ட பிரிவு 21ஏ கூறுகிறது.

மறுமணம்

தீர்ப்பாணைக்குப் பின் மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின்னரே மறுமணம் செய்ய இயலும். மேல்முறையீடு செய்யப்பட்டிருந்தால் அது தள்ளுபடியாகும் வரை காத்திருக்க வேண்டும். இச்சட்டத்தில் மேல்முறையீட்டுக் காலம் 90 நாட்களாகும். 2003 வரை இது 30 நாட்களாக இருந்தது.

பிற நாடுகளில்

இலங்கையில் பொதுத் திருமணங்களுக்கு 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் பொருந்துகிறது. பிறர்மனைத் தொடர்பு, தீய எண்ணத்துடன் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகியவையே அதில் கூறப்பட்ட காரணங்கள். இசைவு மணமுறிவு அதில் இல்லை. மலேசியாவில் முசுலிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டின் சட்டத்தில், இணையரில் ஒருவர் இசுலாமுக்கு மாறுவது மணமுறிவுக் காரணமாக உள்ளது. சிங்கப்பூரில் இருவரும் ஒத்துக்கொள்ளும் மணமுறிவுக்கான புதிய விதி 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

விமர்சனங்கள்

திருமண உறவு மீட்க இயலாதவாறு முறிந்துவிட்டது என்பது இச்சட்டத்தில் மணமுறிவுக் காரணமாக இல்லை. அதைச் சேர்க்கும் சட்டமுன்வரைவு மாநிலங்களவையில் 2013இல் நிறைவேறியது. ஆயினும் 2014இல் மக்களவை கலைந்தபோது அது காலாவதியானது. அரசியலமைப்பின் பிரிவு 142இன்படி இக்காரணத்துக்காக மணமுறிவு வழங்கத் தனக்கு அதிகாரம் உண்டு என உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது. குடும்பநல நீதிமன்றங்களுக்கு அவ்வதிகாரம் இல்லை. இதனால் ஒருவர் இசைய மறுத்தால், மற்றவர் கொடுமை, கைவிடல் போன்ற ஒரு குற்றச்சாட்டை மெய்ப்பித்தே விடுபட வேண்டியுள்ளது.

திருமணத்துக்கு முன் முப்பது நாட்கள் அறிவிப்பு ஒட்டப்படும் முறையும் விமர்சிக்கப்படுகிறது. குடும்பத்தினரின் எதிர்ப்புக்கு அஞ்சும் இணையருக்கு இவ்வறிவிப்பு ஆபத்தாகக்கூடும். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளம் இணையர் 2003 சூலையில் கொல்லப்பட்டனர். இத்தகைய அச்சத்தால் சமயம் கடந்து மணக்கும் சிலர் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தவிர்த்து, தமக்குப் பொருந்தாத வேறொரு சட்டப்படி விரைந்து மணக்கின்றனர். பின்னாளில் பிரிய நேரும்போது அத்திருமணமே செல்லாது எனத் தெரியவருவதால், மணமுறிவுக்குப் பின் கிடைக்கக்கூடிய வாழ்க்கைப்படி, சொத்துரிமை போன்றவை சிக்கலுக்கு உள்ளாகின்றன.