பட்டுப்புழுவின் தீனியே பட்டுக்கூட்டின் எடை

உடையார்பாளையம் வட்டாரத்தில் பட்டுத் தறிகள் உண்டு. ஆனால் தறிக்கு வேண்டிய பட்டுநூல் பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வருகிறது. கிணற்றுப் பாசனமுள்ள செம்மண் நிலத்தில் மல்பெரி நன்கு வளரும். அரை ஏக்கர் நிலமுள்ள சிறு விவசாயியும் பட்டுப்புழு வளர்க்கலாம். ஆனால் இத்தொழிலில் லாபமும் நஷ்டமும் இலையைப் பொறுத்தே அமைகின்றன.

தீனிக்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பு பூச்சி வளர்ப்பு அனைத்திற்கும் பொது. தாய்லாந்து விவசாயிகள் உணவுக்காகச் சுவர்க்கோழிப் பூச்சிகளை வளர்க்கிறார்கள். புரதம் மிகுந்த கோழித்தீவனம் கொடுத்தால் அவை விரைவாக வளர்கின்றன. தவிடும் தழையும் மட்டும் கொடுத்தால் வளர்ச்சி தாமதமாகிறது. பட்டுப்புழுவுக்கோ மல்பெரி இலை ஒன்றே தீனி. எனவே இலையில் குறையிருந்தால் அதை வேறு தீவனத்தால் ஈடுசெய்ய வழியில்லை.

இலை பட்டாவது எப்படி?

பட்டு என்பது புரதம். அதன் பெரும்பகுதி இலையிலுள்ள புரதத்திலிருந்தே உண்டாகிறது. கூட்டிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை. ஆகவே கூடு கட்டுவதற்கும், பின்னர் முட்டையிடுவதற்கும் வேண்டிய சத்து முழுவதையும் புழுப் பருவத்திலேயே சேர்த்தாக வேண்டும்.

புழுவின் ஆயுள் ஏறக்குறைய 25 நாட்கள். இதில் நான்கு முறை தோலுரிக்கும். மொத்தத் தீனியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்தில் மட்டும் தின்கிறது. பட்டுச் சுரப்பி பெருப்பதும் அப்போதுதான். அந்த நாட்களில் தீனி குறைந்தால் புழு சிறுத்து, கூடு மெலிந்துவிடும். எடையும் குறையும், விலையும் குறையும்.

பருவத்திற்கேற்ற இலை

இளம் புழுக்களுக்கு நுனியிலுள்ள கொழுந்து இலைகளே ஏற்றவை. ஈரப்பதம் மிகுந்த இவ்விலைகளைப் பொடியாக நறுக்கித் தூவ வேண்டும். மூன்றாம் பருவத்திலிருந்து ஓரளவு முதிர்ந்த இலைகளைக் கொடுக்கலாம். ஐந்தாம் பருவத்தில் தண்டோடு வெட்டிப் போட்டால் ஆட்கூலி மிச்சமாகும்.

மஞ்சள் பாய்ந்த இலை, மண் படிந்த இலை, மாவுப்பூச்சி தாக்கிச் சுருண்ட இலை ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். தண்ணீர் சொட்டும் இலையைக் கொடுத்தால் படுக்கை ஈரமாகி நோய் தோன்றும். தழைச்சத்து உரத்தை மட்டும் அளவுக்கு மீறி இட்டு வளர்த்த இலை பார்வைக்குக் கரும்பச்சையாக இருந்தாலும் புழுவின் நலத்துக்கு ஏற்றதல்ல. மண் பரிசோதனைப்படி மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்த்து இட வேண்டும். ஏக்கருக்கு ஆண்டுதோறும் 8 டன் தொழு உரம் இடுவது அவசியம்.

இலையைக் காலையிலோ மாலையிலோ வெயில் தாழ்ந்த வேளையில் பறிக்க வேண்டும். ஈரச்சாக்கு மூடி நிழலில் வைத்தால் வாடாது. தோலுரிக்கும் புழு தின்னாது. அப்போது தீனியை நிறுத்திச் சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர வைக்க வேண்டும். அநேகமாக எல்லாப் புழுக்களும் உரித்து முடித்த பிறகே மீண்டும் தீனி போட வேண்டும்.

இலைக் கணக்கு

பலர் தவறுவது இங்குதான். முட்டையை அதிகம் வாங்கிவிட்டு, ஐந்தாம் பருவத்தில் இலைக்கு அலைகிறார்கள். 100 முட்டைத் தொகுதிகளின் புழுக்களுக்கு ஏறக்குறைய 1,000 கிலோ இலை வேண்டும். சீராகப் பராமரித்தால் இதிலிருந்து 60 முதல் 80 கிலோ வரை கூடு கிடைக்கும்.

மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் நட்டால் அரை ஏக்கரில் 2,420 செடிகள் இருக்கும். சென்ற அறுவடையில் தோட்டத்தின் பல இடங்களிலிருந்து 10 செடிகளின் இலை 4 கிலோ இருந்ததாகக் கொள்வோம். அப்படியானால் அரை ஏக்கருக்கு 968 கிலோ. இதில் பத்தில் ஒரு பங்கைச் சேதாரத்திற்குக் கழித்தால் 870 கிலோ. ஆகவே 85 முட்டைத் தொகுதிகளுக்கு மேல் வாங்கக்கூடாது. குறைவாக வாங்கி நிறைவாகத் தீனி கொடுப்பதே லாபம்.

மருந்து ஜாக்கிரதை

இப்பகுதியில் முந்திரிக்கும் பருத்திக்கும் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். காற்றில் வரும் மருந்து மல்பெரியில் படிந்தால் புழுக்கள் கூட்டங்கூட்டமாக மடியும். புகையிலைத் தோட்டமும் அருகில் இருக்கக் கூடாது. அண்டை நிலத்தாரிடம் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. சந்தேகமிருந்தால் சில புழுக்களுக்கு மட்டும் அவ்விலையைக் கொடுத்து, ஒரு நாள் பார்த்த பிறகே மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் முதலில் மல்பெரியை நட்டுத் தோட்டத்தை நிலைப்படுத்த வேண்டும். மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வி-1 இரகம் பாசன நிலத்துக்கு ஏற்றது. நாற்றும் ஆலோசனையும் பெறப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலர்களை அணுகலாம். முதலில் இலை, பிறகே முட்டை என்பதை மறவாதிருந்தால் நஷ்டத்தைப் பெருமளவு தவிர்க்கலாம்.